மோட்டார் உங்களுடையது... பாக்கி யாருடையது?

பழைய படகு மோட்டார் வாங்கும் அமெரிக்கர்களைத் துரத்தும் சொத்து வரி வில்லங்கம்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம். தலைநகர் கொலம்பியாவுக்குப் பக்கத்தில் மர்ரே ஏரிக்கரை. ஒரு சனிக்கிழமை காலை என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வாசலில் மரச்சட்டத்தில் மாட்டி நிற்கிறது, 90 குதிரைத்திறன் கொண்ட ஒரு பழைய அவுட்போர்டு மோட்டார். விலை 6,000 டாலர்.

வாங்க வந்திருப்பவர் விவரமான ஆள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியைப் பொருத்திப் பார்க்கிறார். அளவுகள் ஒன்றுக்கொன்று பெரிதாக விலகவில்லை. அடுத்து, கீழே இருக்கும் கியர் பெட்டியின் திருகைத் திறந்து, இரண்டு சொட்டு ஆயிலை வெள்ளைக் காகிதத்தில் விடுகிறார். பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். இல்லை, ஆயில் சுத்தம். தோட்டக் குழாயை மாட்டி மோட்டாரை ஓட விடுகிறார். பக்கவாட்டுத் துளையிலிருந்து நீர் கம்பி போலச் சீறுகிறது. குளிர்விக்கும் பம்பு நன்றாக இருக்கிறது. பணத்தை எண்ணிக் கொடுத்து, டைட்டிலின், அதாவது உரிமைப் பத்திரத்தின், பின்பக்கத்தில் விற்பவரிடம் கையெழுத்து வாங்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

இரண்டு வாரம் கழித்து டைட்டிலைத் தன் பெயருக்கு மாற்ற அரசு அலுவலகத்துக்குப் போகிறார். அங்கே பதில் வருகிறது: “இந்த மோட்டாருக்கு மூன்று வருடச் சொத்து வரி பாக்கி இருக்கிறது. அதைத் தீர்த்துவிட்டு வாருங்கள்.”

சிலிண்டர், ஆயில், தண்ணீர் எல்லாவற்றையும் சோதித்தவர் ஒன்றை மட்டும் கேட்கவில்லை: வரி ரசீது. நம் ஊரில் வீடு வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்கிறார்கள். வீட்டு வரி, தண்ணீர் வரி ரசீதுகளைக் கேட்டு வாங்குகிறார்கள். ஒரு மோட்டாருக்கும் அப்படி வில்லங்கம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அசையும் பொருளுக்கும் சொத்து வரியா?

நமக்குச் சொத்து வரி என்றால் நிலமும் கட்டடமும்தான். இடத்தை விட்டு நகராத பொருளுக்கு உள்ளாட்சி போடும் வரி. அமெரிக்காவில் பல மாநிலங்கள் அந்த வரம்போடு நிற்பதில்லை. கார், படகு, விமானம் போன்ற அசையும் சொத்துகளுக்கும் வருடா வருடம் அங்கே சொத்து வரி உண்டு. வசூலிப்பது கவுன்ட்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. பள்ளிக்கூடம், தீயணைப்பு, சாலை ஆகியவற்றுக்கு இந்தப் பணம் போகிறது.

எல்லா மாநிலங்களிலும் இப்படி இல்லை. புளோரிடா, டெக்சஸ், டென்னசி மாநிலங்களில் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் படகுக்கு இந்த ஆண்டு வரி கிடையாது. ஆனால் தென் கரோலினா, வட கரோலினா, ஜார்ஜியா, மிசூரி ஆகியவற்றில் உண்டு. வரி இருக்கும் மாநிலங்களுக்குள்ளும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழி. அதனால்தான் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்தவர்கள் எளிதாக மாட்டிக்கொள்கிறார்கள். வட கரோலினாவின் சார்லட் நகரில் வேலை பார்த்துக்கொண்டு, எல்லைக்கு இந்தப் பக்கம் தென் கரோலினாவின் ஃபோர்ட் மில்லில் வீடு வாங்கியிருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். பத்து மைல் தள்ளிப் போனால் சட்டமே வேறு.

படகு வேறு, மோட்டார் வேறு

இந்தக் கதையின் முடிச்சு தென் கரோலினாவில்தான் இறுக்கமாக விழுந்திருக்கிறது. காரணம், அந்த மாநிலம் படகையும் அவுட்போர்டு மோட்டாரையும் இரண்டு தனிச் சொத்துகளாகப் பார்க்கிறது. படகுக்கு ஒரு டைட்டில். 5 குதிரைத்திறன் அல்லது அதற்கு மேல் உள்ள அவுட்போர்டு மோட்டாருக்கு இன்னொரு டைட்டில். டைட்டில் என்பது நம் ஊர் வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் மாதிரி. இரண்டையும் வழங்குவது மாநில இயற்கை வளத் துறை.

படகின் வயிற்றுக்குள்ளேயே பொருத்தப்பட்ட இன்போர்டு எஞ்சினுக்குத் தனிப் பத்திரம் கிடையாது. அது படகோடு சேர்ந்தது. பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டு மோட்டாரைக் கழற்றி விற்கலாம், வேறு படகில் மாட்டலாம். ஆகவே அதற்குத் தனிப் பத்திரம், தனி மதிப்பு, தனி வரி.

படகுக்கும் மோட்டாருக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. ஆபத்து ஒளிந்திருப்பது அங்கேதான். படகுக்குப் பதிவு எண் உண்டு. முன்பக்கத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் உண்டு. முன்பு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்த பதிவை, 2020 ஜனவரி 1 முதல் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்று மாற்றினார்கள். சொத்து வரி பில்லோடு 10 டாலர் பதிவுக் கட்டணமும் சேர்ந்து வருகிறது. வரி கட்டினால்தான் புது ஸ்டிக்கர். எனவே படகின் வரி நிலவரத்தைக் கரையில் நின்றே ஓரளவு ஊகிக்கலாம்.

மோட்டாருக்கு அந்தப் பதிவும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. டைட்டில் மட்டும்தான். அந்தக் காகிதம் மேசை இழுப்பறைக்குள் போனால் அடுத்த விற்பனை வரை வெளியே வராது. நடுவில் எத்தனை வருட பில்கள் கிழித்துப் போடப்பட்டன என்பதை மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

பில் எப்படி உருவாகிறது?

தென் கரோலினாவில் 46 கவுன்ட்டிகள். ஒவ்வொன்றிலும் ஆடிட்டர் என்று ஓர் அதிகாரி இருக்கிறார். வருமான வரிப் படிவம் நிரப்பித் தரும் நம் ஊர் ஆடிட்டர் என்று நினைத்துவிட வேண்டாம். வரி பில்லைத் தயாரிப்பவர் இவர். பணத்தை வாங்குபவர் டிரெஷரர்.

கணக்கு மூன்று படியில் முடிந்துவிடும். முதலில் மோட்டாரின் சந்தை மதிப்பு. அதில் 10.5 சதவீதம் வரிக்குரிய மதிப்பு. அதன் மேல் கவுன்ட்டியின் ‘மில்’ விகிதம். ஒரு மில் என்றால் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர்.

நம் 6,000 டாலர் மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். அதில் 10.5 சதவீதம் 630 டாலர். கவுன்ட்டி விகிதம் 300 மில் என்று கொண்டால், வரி 189 டாலர். மதிப்பு மாறாமல் மூன்று ஆண்டு கட்டாமல் விட்டிருந்தால் 567 டாலர். தாமத அபராதம் தனி.

இந்த 10.5 சதவீதத்துக்கு ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் கார்களுக்கும் இதே விகிதம்தான். 2000-ஆம் ஆண்டு தேர்தலோடு சேர்த்து மக்களிடம் கேட்டு, சொந்தக் கார்களுக்கான விகிதத்தைப் படிப்படியாக 6 சதவீதத்துக்குக் குறைத்தார்கள். படகும் மோட்டாரும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய ஒரு சட்டப்பிரிவு வந்தது: கவுன்ட்டி விரும்பினால், படகு மற்றும் மோட்டாரின் மதிப்பில் 42.75 சதவீதத்துக்கு விலக்கு தரலாம். அதென்ன 42.75? கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட காருக்கு உள்ள அதே 6 சதவீதத்தில் வந்து நிற்கும். விலக்கு கொடுத்த கவுன்ட்டியில் நம் மோட்டாரின் வரி 189-லிருந்து சுமார் 108 டாலராக இறங்கும்.

அந்த விலக்கு, மோட்டார் படகுக்குள் இருந்தாலும், படகில் மாட்டப்பட்டிருந்தாலும், கழற்றித் தனியே வைக்கப்பட்டிருந்தாலும் பொருந்தும் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. கழற்றி ஷெட்டில் போட்டாலும் மோட்டார் வரிக்குரிய சொத்துதான் என்பது இதிலிருந்தே விளங்கும். ‘இரண்டு வருடமாக ஓட்டவே இல்லை, எதற்கு வரி?’ என்ற கேள்வி அங்கே எடுபடாது. வரி ஓட்டத்துக்கு அல்ல, உடைமைக்கு. வரிக்குரிய மதிப்பு 50 டாலரைத் தாண்டாத சின்ன மோட்டார்களுக்கு மட்டும் முழு விலக்கு. அதாவது சந்தை மதிப்பு ஏறக்குறைய 476 டாலர் வரை.

இது ஆண்டு வரி. வாங்கும்போது ஒருமுறை கட்டும் வரி வேறு. தனியாரிடம் வாங்கினாலும் 5 சதவீதம். உச்சவரம்பு 500 டாலர். நம் மோட்டாருக்கு அது 300 டாலர். பலர் இதைக் கட்டிவிட்டு, ‘வரியெல்லாம் முடிந்தது’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். முடிந்தது அந்த ஒன்று மட்டும்தான்.

சட்டம் ஒன்று, நடப்பு ஒன்று

இப்போது கேள்விக்கு வருவோம். பாக்கி யாருடையது?

அந்த ஆண்டுகளில் மோட்டாரை வைத்திருந்தவருடையது. பில் வந்தது அவர் பெயருக்கு. இதில் நியாயம் சொல்ல வக்கீல் வேண்டாம்.

ஆனால் தென் கரோலினாவில் வரி பாக்கி இருப்பதாகக் கவுன்ட்டி தெரிவித்திருந்தால், இயற்கை வளத் துறை டைட்டிலைப் பெயர் மாற்றித் தராது. பாக்கி தீர்ந்தால்தான் காகிதம் நகரும். இங்கேதான் பொறுப்பு சத்தமில்லாமல் தோள் மாறுகிறது. விற்றவர் கையில் பணம் வந்துவிட்டது. அவருக்கு எந்தக் காகிதமும் தேவையில்லை. தொலைபேசியை எடுக்காமல் இருந்தாலே போதும். வாங்கியவருக்கோ டைட்டில் வேண்டும். அது இல்லாமல் மோட்டாரைச் சட்டப்படி தன்னுடையது என்று காட்ட முடியாது. நாளைக்கு விற்கவும் முடியாது. ஆக, கடன் பட்டவர் ஒருவர், பத்திரம் தேவைப்படுகிறவர் இன்னொருவர். பத்திரம் தேவைப்படுகிறவர் கட்டுகிறார்.

பிறகு விற்றவர் மேல் வழக்குப் போடலாம். 7,500 டாலர் வரையிலான சில்லறை வழக்குகளை அங்கே மாஜிஸ்திரேட் நீதிமன்றம் விசாரிக்கும். ஆனால் 567 டாலருக்காக மனு எழுதி, கட்டணம் கட்டி, வேலைக்கு லீவு போட்டு அலைய எத்தனை பேர் தயார்? பெரும்பாலோர் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிடுவார்கள். கவுன்ட்டியும் அதை நம்பித்தான் இருக்கிறது.

கவுன்ட்டியின் பக்கம் நின்று பார்த்தால் அதற்கும் ஒரு வாதம் இருக்கிறது. வீடு ஓடிப்போகாது, வரி கட்டாவிட்டால் ஏலம் விடலாம். மோட்டாரை இரண்டு பேர் தூக்கி வண்டியில் வைத்தால் மாநிலம் தாண்டிவிடும். அப்படிப்பட்ட பொருளில் அரசின் கைக்கு எட்டுவது டைட்டில் மாறும் அந்த ஒரு தருணம்தான். அதைப் பிடித்து நிறுத்தாவிட்டால் ஒழுங்காகக் கட்டுகிறவன் ஏமாளி ஆகிவிடுவான். இந்த வாதம் சரிதான். ஆனால் அந்தப் பிடி விற்றவன் கழுத்தில் விழாமல் வாங்கியவன் கழுத்தில் விழுகிறதே என்பதற்கு அதில் பதில் இல்லை. படகுக்கும் மோட்டாருக்கும் தனித்தனி டைட்டிலும் தனித்தனி வரியும் எதற்கு, இது இரட்டை வரி அல்லவா என்ற குரலும் அந்த மாநிலத்தில் எழுந்திருக்கிறது.

எல்லை தாண்டினால்...

பக்கத்து மாநிலங்களில் கேள்வியே வேறு. அங்கே ‘ஜனவரி 1 அன்று யார் கையில் இருந்தது?’ என்பதுதான் எல்லாம்.

வட கரோலினாவில், ஆண்டின் முதல் நாள் படகும் மோட்டாரும் யாருடையதோ, அந்த வருட வரி முழுவதும் அவருடையது. ஜனவரி மாதத்துக்குள் கவுன்ட்டியிடம் தன் பட்டியலைக் கொடுக்க வேண்டும். தவறினால் 10 சதவீத அபராதம். ஜார்ஜியாவிலும் ஜனவரி 1 தான் கணக்கு. விவரப் படிவத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 1. அங்கே சந்தை மதிப்பில் 40 சதவீதத்துக்கு வரி. ஆனால் அசையும் சொத்தின் மொத்த மதிப்பு ஒரு வரம்புக்குள் இருந்தால் வரியே இல்லை. அந்த வரம்பு 7,500 டாலராக இருந்தது. 2024 நவம்பர் வாக்கெடுப்பில் மக்கள் ஒப்புதலோடு 2025 முதல் 20,000 டாலராக உயர்ந்தது. ஒரு பழைய மீன்பிடிப் படகும் மோட்டாரும் மட்டும் வைத்திருக்கும் சாதாரணக் குடும்பத்துக்கு இது பெரிய நிம்மதி.

இந்த ஜனவரி 1 விதியால் விசித்திரங்களும் நேரும். டிசம்பர் 31 அன்று மோட்டார் வாங்கினால், மறுநாள் விடியும்போதே ஒரு முழு வருட வரிக்கு நீங்கள் பொறுப்பு. ஜனவரி 2 அன்று வாங்கினால் அந்த வருட வரி விற்றவருடையது. இருவருக்கும் மாதக் கணக்குப் பார்த்துப் பங்கு பிரித்துத் தரும் வேலையைக் கவுன்ட்டி செய்யாது. வேண்டுமானால் பேரத்தில் நீங்களே பிரித்துக்கொள்ள வேண்டும். பழைய மோட்டாரை டிசம்பரில் வாங்கத் தயங்கினால் அதில் அர்த்தம் இருக்கிறது.

மிசூரியின் வழி இன்னொன்று. அங்கே வாகனப் பதிவுக்குப் போகிறவர் தன் பெயரிலுள்ள முந்தைய ஆண்டு அசையும் சொத்து வரி ரசீதையோ, வரி விதிக்கப்படவில்லை என்ற சான்றையோ நீட்ட வேண்டும். அதாவது அரசு பொருளின் ஜாதகத்தைப் பார்ப்பதில்லை. ஆளின் ஜாதகத்தைப் பார்க்கிறது. கடன் ஆளோடு போகிறதா, பொருளோடு போகிறதா என்ற ஒரே கேள்விக்கு, ஒரே நாட்டுக்குள் இப்படி இரண்டு விதமான பதில்.

விற்பவரும் தப்ப முடியாது

வாங்குகிறவர்தான் எப்போதும் பாவம் என்று எண்ண வேண்டாம். மோட்டாரை விற்றுப் பணத்தை வாங்கிய கையோடு மறந்துபோகிறவருக்கும் தலைவலி காத்திருக்கிறது. வாங்கியவர் பெயர் மாற்றவில்லை என்றால், கவுன்ட்டியின் ஏட்டில் மோட்டார் இன்னும் பழையவருடையதுதான். அடுத்த வருட பில் அவர் வாசலுக்கே வரும். ‘நான் விற்றுவிட்டேனே’ என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் நடக்காது. விற்பனைச் சீட்டு வேண்டும்: தேதி, விலை, மோட்டாரின் வரிசை எண், இருவர் கையெழுத்து.

பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புது மோட்டார் மாட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான். படகில் ஒன்றுதான் தொங்குகிறது, ஏட்டில் இரண்டு. பழையது காயலான் கடைக்குப் போயிருந்தாலும், போனது என்று கவுன்ட்டி ஆடிட்டரிடம் எழுதிக் கொடுத்தால்தான் அந்தக் கணக்கு மூடும்.

பணம் கொடுக்கும் முன் ஐந்து வேலைகள்

1. வரிசை எண்ணை நீங்களே பாருங்கள். படகின் பின்பலகையைக் கவ்விப் பிடிக்கும் தாங்கியில் சின்னத் தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். பல மோட்டார்களில் எஞ்சின் உடம்பிலும், காசு அளவுள்ள வட்ட உலோக மூடியில் அதே எண் பொறிக்கப்பட்டிருக்கும். மேல்மூடியில் ஒட்டியிருக்கும் ‘90’ என்ற ஸ்டிக்கரை நம்பாதீர்கள். மூடியை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. எண் துருவேறி மங்கியிருந்தால், சிறுவயதில் காசின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதே மாதிரி தேய்த்து எடுங்கள். தகடு பிடுங்கப்பட்டிருந்தால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள்.

2. டைட்டிலில் உள்ள பெயரும் உங்கள் எதிரில் நிற்கும் ஆளும் ஒன்றா என்று பாருங்கள். ‘மச்சான் பெயரில் இருக்கிறது, அவன் ஊரில் இல்லை’ என்றால் மச்சான் வரட்டும்.

3. அந்த எண்ணை வைத்துக்கொண்டு கவுன்ட்டி அலுவலகத்தைக் கேளுங்கள். விற்பவர் இப்போது குடியிருக்கும் கவுன்ட்டி மட்டும் போதாது. மோட்டார் இதற்குமுன் எந்தக் கவுன்ட்டியில் இருந்தது என்பதையும் விசாரியுங்கள். டைட்டிலில் தடை ஏதும் இருக்கிறதா என்று இயற்கை வளத் துறையிலும் கேட்டுவிடுங்கள்.

4. கடைசியாகக் கட்டிய வரி ரசீதைக் கேளுங்கள். ‘அதெல்லாம் எப்போதோ கட்டியாச்சு’ என்பது ரசீது ஆகாது. பாக்கி இருந்தால் அந்தத் தொகையை விலையில் கழியுங்கள். அல்லது இருவரும் சேர்ந்து கவுன்ட்டி கவுன்ட்டருக்குப் போய், பாக்கியைக் கட்டிவிட்டு மிச்சப் பணத்தை அங்கேயே கொடுங்கள்.

5. விற்பனைச் சீட்டில் ஒரு வரி சேருங்கள்: ‘இந்தத் தேதி வரையிலான வரிகள் விற்பவர் பொறுப்பு.’ இது இயற்கை வளத் துறையின் கவுன்ட்டரில் உங்களைக் காப்பாற்றாது. ஆனால் பின்னால் மாஜிஸ்திரேட் முன் நிற்க நேர்ந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் இதுதான். வாங்கியதும் டைட்டில் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். விதிகளும் விகிதங்களும் மாறக்கூடியவை. வாங்கும் நாளில் உங்கள் கவுன்ட்டியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று

ஏரிக்கரை வாசலில் நின்ற நம்முடைய அந்த விவரமான ஆளிடம் திரும்பிப் போவோம். அழுத்தமானி, வெள்ளைக் காகிதம், தோட்டக் குழாய் எல்லாம் சேர்த்து அவருக்கு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வரிசை எண்ணைச் சொல்லி ‘பாக்கி ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்கும் தொலைபேசிக்குப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு சின்னச் சங்கடம்: விற்பவர் வீட்டு வாசலில் பேரம் நடந்தது சனிக்கிழமை. அன்று கவுன்ட்டி அலுவலகம் விடுமுறை.

ஆகவே மோட்டாரைச் சனிக்கிழமை பாருங்கள். பணத்தைத் திங்கட்கிழமை கொடுங்கள்.